புள்ளிக்கு ஐம்பது குறைவு

காலுறைக்குள் அறுநூற்று நாற்பது பொலிவியானோ.
மினிபஸ் வாசலில் தொங்கிக்கொண்டு
"செஹா! செஹா! பெரேஸ்!" என்று
தொண்டை கிழியக் கத்திய காசு.
செஹா என்றால் புருவம்.
ஏழு மாதம் புருவம் புருவம் என்று கூவியவள்
கண் வாங்கப் போனேன்.

எல் ஆல்தோவின் ஞாயிற்றுச் சந்தை.
கார்க் கதவுகளுக்கும் பழைய கோட்டுகளுக்கும் நடுவே
நீலத் தார்ப்பாயில் மல்லாந்து கிடந்தன கேமராக்கள்.
பாதிக்கு மூடி இல்லை.

பெரியதைத்தான் முதலில் தொட்டேன்.
தோளில் மாட்டினால் தெருவே திரும்பும்.
லென்ஸ் தனி என்றாள் செனோபியா.
பேட்டரியும் தனி.
சார்ஜரா, தேடினால் கிடைக்கும்.
குதிரைக்குக் காசு இருக்கிறது,
கடிவாளத்துக்கு இன்னும் நாலு மாதம் கத்த வேண்டும்.
வைத்துவிட்டேன்.
கை மட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

சின்னது ஒன்று, மூலை நசுங்கி.
எத்தனை மெகாபிக்சல் என்று கேட்டேன்,
கேட்கவேண்டும் என்று யாரோ சொல்லியிருந்ததால்.
"போதுமானது" என்றாள் சூப்பை ஊதியபடி.
அமுக்கினேன். விழித்தது.
இல்லிமானி பக்கம் திருப்பி ஒன்று எடுத்தேன்.
மலைப் பனியின்மேல்
ஒரு கரும்புள்ளி.

"காண்டோர் கழுகு" என்றாள், இமைக்காமல்.

தார்ப்பாயை எடுத்தேன்.
தார்ப்பாயிலும் அதே கழுகு.
அவள் சூப்பை எடுத்தேன்.
கிண்ணத்தில் வந்து உட்கார்ந்தது.
அப்போதுதான் சிரித்தாள்.
ஐம்பது குறைத்தாள்.

அன்றிலிருந்து அது என்னோடுதான் பறக்கிறது.
தம்பி எவெரின் பள்ளி முடித்த நாள் சட்டையில்.
சித்தி மகள் கல்யாணத்தில்
மணப்பெண்ணின் வெள்ளை முக்காட்டில்
(அதற்கு நான் வாங்கிய திட்டு தனிக்கதை).
வலது மேல் மூலையிலிருந்து ஒரு விரல் உள்ளே,
எப்போதும் அங்கேதான்.
அங்கே வானத்தை வைக்கக் கூடாது.
பனியை, சுவரை, சலவைத் துணியை வைக்கக் கூடாது.
ஒரு ஜன்னலின் இருட்டு அந்த இடத்துக்கு வரும்வரை
அரை அடி இடது,
குனி,
பின்னால் சாக்கடை, பார்த்து,
நில்.
எதையும் இவ்வளவு நேரம் நின்று பார்த்தவள் இல்லை நான்.
மினிபஸ் எங்கே நின்றது?

போன வாரம் பழுது பார்ப்பவனிடம் விசாரித்தேன்.
திறந்து துடைக்க எண்பது.
காலுறையில் இருந்தது.
இரண்டு தடவை எண்ணினேன்.
பேட்டரி ஒன்று மட்டும் வாங்கிக்கொண்டு
ஓடும் வண்டியில் ஏறிவிட்டேன்.

கடைசி சீட்டில் ஒருத்தி,
தலையில் கறுப்பு வட்டத் தொப்பி.
எடுக்கட்டுமா என்று கேட்டேன். தலையாட்டினாள்.
அந்தத் தொப்பியை
வலது மேல் மூலைக்குக் கொண்டுவர வேண்டும்,
பெரேஸ் வருவதற்குள்.