இங்கே கணவாய், அங்கே கூந்தல்

நீரோடியில் தெரு முடிகிற இடத்தில்
மாநிலமும் முடிகிறது.
பலகை ஒன்று உண்டு, உப்பில் பாதி எழுத்து உதிர்ந்து.
அலைக்கு அதைப் படிக்கத் தெரியாது.
என் கைப்பேசிக்குத் தெரியும்:
தூண்டில் வளைவின் இந்தக் கல்லில் நின்றால் தமிழ்நாடு,
அந்தக் கல்லுக்குக் கால் மாற்றினால்
கேரளம் வரவேற்கிறது.

விடியுமுன் கிளீட்டசின் வள்ளம் கரையேறியது.
ராத்திரி முழுக்க விளக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள்.
பகலெல்லாம் அடித்தரையில் கிடப்பவை
இருட்டினால் மேலே ஏறிவரும்,
வெளிச்சத்துக்குள் வராது,
நிழல் தொடங்கும் விளிம்பில் நின்று
பொடிமீனுக்குக் காத்திருக்கும்.
அங்கேதான் ஆடிக்கொண்டிருந்தது
முள்முடி சூடிய பிளாஸ்டிக் இறால்.

பெட்டி இறங்கியதும்
என் நோட்டில் 'கணவாய்' என்று எழுதினேன்.
பொழியூரிலிருந்து வண்டியோடு வந்த சுதர்மணி
அவள் நோட்டில் 'கூந்தல்' என்று எழுதினாள்.
எனக்குக் கணவாய் என்றால்
ஆரல்வாய்மொழியில் காற்று நுழையும் மலையிடுக்கும்தான்.
கூந்தல் என்றால் சீப்பு, எண்ணெய், பிச்சிப்பூ.
அவளுக்கோ கணவா என்பது
முதுகில் ஓடு வைத்த வேறொரு ஜந்து, வேறொரு விலை.
போன வாரம் என் சீட்டைப் படித்துவிட்டு
நீண்டகரையிலிருந்து இருபது பெட்டியைத் திருப்பிவிட்டார்கள்.
ஐஸ் உருகிய தண்ணீருக்கு மட்டும்
எந்தப் பெயரும் வேண்டியிருக்கவில்லை.

மேலடுக்கில் ஒன்று இன்னும் சாகவில்லை.
தூக்கினேன்.
என் விரல் பட்ட இடமெல்லாம் செம்புள்ளி விரிந்து,
சுருங்கி, மறுபடி விரிந்து,
யாரோ உள்ளிருந்து
சன்னல் சன்னலாக விளக்குப் போட்டு அணைப்பதுபோல.
இத்தனை நிறம் காட்டும் உடம்பின் கண்ணுக்கு
நிறமே தெரியாதாம்.
மீன்துறை ஆள் சொன்னபோது நம்பவில்லை.
பிறகு என் குரலை ஒருநாள்
போனில் பதிந்து கேட்டேன். நம்பினேன்.

மூன்று நெஞ்சு அதற்கு.
இரண்டு செவுளுக்கு, ஒன்று மிச்சத்துக்கு.
ரத்தம் நீலம்.
விழுங்குகிற ஒவ்வொரு வாயும்
மூளையின் நடுத்துளை வழியாகத்தான் இறங்கவேண்டும்,
அதனால் கிள்ளிக் கிள்ளித் தின்னும்.
(நமக்கு அப்படி இல்லாததால்தான்
இவ்வளவு பெரிய பொய்களை விழுங்குகிறோம்.)
நீரை உறிஞ்சிப் பீச்சிப் பாயும்போது
போகிற திசைக்கு முதுகு,
துரத்துவதன்மேல் கண்.
ஓணத்துக்குப் பிறந்தது
அடுத்த ஓணத்தைக் காண்பது அபூர்வம்.
முட்டையை வெள்ளைத் திரிகளாய்க் கடலடியில் கொத்தாக நட்டுவிட்டு
ஒரு குஞ்சின் முகம் பாராமல் தளர்ந்து மிதக்கும்.
குஞ்சுகளுக்கு யாரும் எதையும் சொல்லித்தருவதில்லை.
அரிசி அளவிலேயே அவை
மையோடு வருகின்றன.

"எக்கா, பேனா எழுதல்ல" என்றேன்.
பெட்டிமேல் அட்டை ஒட்டவேண்டும், வண்டி உறுமுகிறது.
சுதர்மணி சிரித்தாள்.
என் கையிலிருந்ததன் நிறங்கள் அதற்குள் ஓய்ந்திருந்தன.
வாங்கி, விரலால் கிழித்து,
கண்ணாடி இறகுபோல் இருந்த முள்ளை உருவினாள்,
மைப்பையைச் சிரட்டையில் பிதுக்கினாள்.
பேனாவும் மையும் வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்து
தப்பி ஓடும்போது மட்டும் எழுதுகிற உயிர்.

முள்ளின் நுனியைத் தொட்டு
என்ன எழுதுவதென்று இருவரும் யோசித்தோம்.
கணவாய் என்றால் நீண்டகரை திருப்பும்.
கூந்தல் என்றால் என் முதலாளி என்னைத் திருப்புவான்.
கடைசியில் படம் வரைந்தோம்:
நீள உடம்பு, இரண்டு துடுப்பு, எட்டுக் கை,
இன்னும் நீளமாய் இரண்டு.
கண்ணை அவள் வைத்தாள், கொஞ்சம் கோணலாக.
முப்பத்திரண்டு பெட்டி.
ஒன்றுபோல் ஒன்று இல்லை.
ஒன்றும் திரும்பி வரவில்லை.

சோப்பு, புளி, மணல் எல்லாம் போட்டுத் தேய்த்தும்
இடக்கைச் சுட்டுவிரல் நகத்தில் மட்டும்
கறை நின்றுவிட்டது.
மறுநாள் பேருந்தில்
சில்லறை நீட்டிய விரலைப் பார்த்து
நடத்துநர் கேட்டார்,
"எலெக்‌ஷன் எங்கே, இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

பூவாருக்கு ஒன்று, என்றேன்.