நிகர எடை

புளியரைக்கு இரண்டு கிலோமீட்டர் கிழக்கே
எடைமேடையில் எனக்கு இரவு வேலை.
வண்டி ஏறினால் தரை ஒரு விரற்கடை தாழும்,
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் தேநீர் வட்டம் போடும்.
மொத்த எடை. வெற்று வண்டியின் எடை.
கழித்தால் நிகரம்.
மஞ்சள் சீட்டு ஒன்று, நூற்றிருபது ரூபாய்.

நேற்று எண்பத்தாறு வண்டி.
பாறை, ஜல்லி, எம்சாண்ட், மறுபடி பாறை.
அத்தனையும் மேற்கே.
உங்கள் பக்கம் மலைக்கா பஞ்சம் என்று
நவ்ஃபலிடம் ஒருநாள் கேட்டேன்.
புனலூர்க்காரன், பன்னிரண்டு சக்கரம் ஓட்டுகிறவன்.
"அங்க மலையைத் தொட்டா ஆள் கூடும் சேச்சி.
இங்க தொட்டா லோடு கூடும்."

என் தம்பி குத்தாலிங்கம் ஜாம்பியாவில் இருக்கிறான்,
செம்புச் சுரங்கத்தில் ஃபிட்டர்.
எங்கோ லண்டனில் விலைப் பலகையில் ஓர் எண் இறங்கினால்
அவன் தெருமுனையில் ரொட்டி சிறுத்துவிடுமாம்.
ஏறிய வருசம் சினிமாக் கொட்டகைக்கு
அடித்தளம் போட்டார்களாம்.
இறங்கிய வருசம் அதற்குள்ளே
மக்காச்சோளம் விதைத்தார்களாம்.
"ஒரு நாடே ஒத்த மாட்டை வச்சுக் கறக்குதுக்கா.
அதுவும் கன்னு போடாத மாடு."
நான் சிரித்துக்கொண்டே
நாற்பத்தொன்று புள்ளி ஆறு டன் என்று பதிந்தேன்.
பாவம் அந்த நாடு என்றும் நினைத்தேன்.

போன ஆவணியில் கோர்ட்டுத் தடை வந்தது,
பதினோரு நாள்.
இரண்டாம் நாள் துணி வெள்ளையாகவே காய்ந்தது.
நாலாம் நாள் செம்போத்து கூவியதைக் கேட்டேன்,
அது இத்தனை நாளும் கூவிக்கொண்டுதான் இருந்திருக்கும்.
ஆறாம் நாள் புரோட்டாக் கடைக்காரர்
மாவு பிசையவில்லை.
பஞ்சர் கடை மூர்த்தியின் மனைவி
கம்மலை அடகு வைக்கத் துணைக்குக் கூப்பிட்டாள்,
பேங்கில் எங்களுக்கு முன்னால் பதினேழு பேர்.
கோயில் கொடைக்குக் குவாரி எழுதியிருந்த தொகைக்கு நேரே
பென்சிலில் ஒரு கேள்விக்குறி.
ஒன்பதாம் நாள்
தடையை நீக்கக் கோரி மனு சுற்றிவந்தது.
இருபத்துமூன்றாவது பெயர்:
ச. குழல்வாய்மொழி.
அழகாகத்தான் போட்டிருக்கிறேன் கையெழுத்தை.
ழகரத்துக்கு ஒரு சுழி கூடுதலாகவே.

இன்று விடியற்காலை நாலு பத்து.
மேற்கிலிருந்து திரும்பும் காலி வண்டி,
தார்ப்பாய் நாலு மூலையும் இறுகக் கட்டி.
இந்த வண்டியின் வெற்று எடை எனக்கு மனப்பாடம்:
பன்னிரண்டாயிரத்து நானூற்று எண்பது.
திரையில் பதினாலாயிரத்து நூற்றுப்பத்து.
"டார்ப்பா நனஞ்சுபோச்சு சேச்சி, ராத்திரி நல்ல மழ."
நவ்ஃபல் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

ஆயிரத்து அறுநூற்று முப்பது கிலோ மழை.

அந்த மழைக்கு ஒரு வாடை இருந்தது.
மூலையில் கயிறு நெகிழ்ந்த இடத்தில்
ஒரு சலைன் பாட்டில், குழாயோடு.
கோழிச் சிறகு அப்பிய சாக்கு.
யாரோ ஒரு பிள்ளையின் எக்ஸ்ரே,
விலா எலும்புகள் வெளிச்சத்துக்கு வரிசையாக.
எங்கே கொட்டுவாய் என்று நான் கேட்கவில்லை.
பள்ளம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்,
டன் கணக்கில் தெரியும்.

கம்ப்யூட்டர் சிவப்பில் கேட்டது:
பழைய எடையுடன் பொருந்தவில்லை. தொடரவா?
பின்னால் ஏழு வண்டி ஹாரன் அடித்தது.
தொடர்ந்தேன்.

ஆனால் சீட்டில் ஒரு நகல் எடுத்துக்கொண்டேன்.
யாரிடம் காட்ட என்று தெரியாமல்
போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன்.
நீல டிக் விழுந்தது.
எழுதினான், அழித்தான், எழுதினான்.

"செம்பு ஏறியிருக்குக்கா இன்னிக்கு.
கொடைக்குப் பணம் போடுறேன்."