கெரம்ட்டு

பதினோரு வருஷமாய் இந்த ஸ்டேஷனில் ரைட்டர் நான்.
முக்கூடல் எல்லைக்குள் யார் யாரை எப்படித் திட்டினாலும்
என் கை வழியாகத்தான் காகிதத்துக்குப் போகும்.
வரப்புத் தகராறு, மடைத் தகராறு,
கோயில் கொடைக்கு யார் மைக்செட் என்ற தகராறு,
எதுவானாலும் மூன்றாவது வரியில்
ஒரு அம்மா வந்துவிடுவாள்.
சண்டைக்கு வராதவள்.
அந்த நேரம் எங்கோ நாற்று நட்டுக்கொண்டிருப்பவள்,
சில சமயம் செத்தே இருபது வருஷம் ஆனவள்.
'சொன்னதச் சொன்னபடியே எழுதணும்மா' என்பார் எஸ்.ஐ.
எழுதுவேன்,
ஒற்று மிகும் இடத்தில் ஒற்று வைத்து.
வீட்டில் மகனின் கட்டுரை நோட்டைத் திருத்தும்போது
தலைப்பு 'என் அம்மா' என்றிருந்தால்
சிவப்புப் பேனா கொஞ்சம் நின்றுதான் நகரும்.

ஆவணியில் ஒரு புதன்கிழமை
பீடிக் கம்பெனிக் கணக்கர் பலவேசம் வந்தார்.
ஆவுடைச்செல்வி கொண்டுவந்த ஆயிரத்தில்
இருநூறு, தூள் பத்தாது என்று கழித்தாராம்.
கழித்ததைத் திருப்பிக் கொடுக்கவில்லை
(இதை அவர் சொல்லவில்லை, நான் கேட்டு வாங்கினேன்).
அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு
பதினாறு பேர் முன்னால் சொன்னாளாம்:
'போம்வே, கெரம்ட்டு.'

'அப்படின்னா?'
'தெரியலம்மா. ஆனா மனசு வெந்துட்டு.'

சாட்சிகள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.
ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு டப்பிங் தொடர்.
சனிக்கிரகத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஓட்டைக் கப்பல்.
என்ஜின் நின்றால் அதன் கேப்டன் பொம்பளை
பல்லைக் கடித்து 'க்ரம்ட்' என்பாள்.
காற்று தீர்ந்தால் க்ரம்ட். துரோகி மாட்டினால் க்ரம்ட்.
பீடி சுற்ற விரல் போதும், கண் சும்மாதான் கிடக்கும்,
அதனால் தெருவே பார்க்கிறது.
நாற்பது நாளில் அது கிரம்டாகி, கெரம்ட்டாகி,
பின்னால் ஒரு 'லே' முளைத்து, 'பய' முளைத்து,
ரேஷனில் மண்ணெண்ணெய் இல்லையா, கெரம்ட்டு,
பாலத்தில் பஸ் நின்றதா, கெரம்ட்டு,
கணக்கு வாத்தியார் சுத்தக் கெரம்ட்டு.
சவத்தெளவும் பேதில போவானும்
சற்று நகர்ந்து இடம் விட்டிருந்தன.

'ஆபாசப் பிரிவு போடலாமா?' என்றார் எஸ்.ஐ.
அந்தச் சொல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
உள்ளே அம்மா இல்லை, அக்கா இல்லை,
துணிக்குக் கீழே உள்ள எதுவும் இல்லை.
எந்தத் தெருவில் குடியிருக்கிறான் என்பது இல்லை,
அவன் தாத்தா என்ன வேலை பார்த்தார் என்பதும் இல்லை.
காலிப் பெட்டி. ஆனாலும் தலையில் போட்டால் வலிக்கிறது.
'பொருள் விளங்காத ஒரு சொல்லால்' என்று எழுதினேன்.
எழுதிவிட்டுத் தண்ணீர் குடித்தேன்.

சமாதானம்தான். இருநூறு பீடிக்குக் கூலி கொடுத்தார் பலவேசம்.
வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்டார்,
'அந்தக் கப்பல் ஊரு வந்து சேருமா?'
'இன்னும் அறுவது நாள் ஓடும்வே' என்றாள் ஆவுடைச்செல்வி.

அன்று ராத்திரி என் ஸ்கூட்டி கிளம்பவில்லை.
சொன்னேன். நன்றாகத்தான் இருந்தது.

தையில், கபடிப் பந்தயம் முடிந்து
உதடு கிழிந்த இரண்டு பையன்கள் வந்தார்கள்.
ஒருத்தனுக்கு மீசை இன்னும் சரியாக வரவில்லை.
அவன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டே போனேன்.
மூன்றாவது வரியில் கெரம்ட்டு வந்தது.
அதற்கு முன்னால்,
ஒட்டிக்கொண்டு, இன்னொரு சொல்.
எழுதியவரை பார்த்தேன். அவன் அம்மா
வெளியே வேப்பமரத்தடியில் அவன் சட்டையை வைத்துக்கொண்டு நின்றாள்.

'சேத்து எழுதவா, பிரிச்சு எழுதவா ஐயா?'
எஸ்.ஐ. வயர்லெஸ்ஸில் இருந்தார்.
'சேத்தே எழுதும்மா.'

சேர்த்தே எழுதினேன்.
நடுவில் ஒரு ஒற்று மிகுந்தது.
அதற்கும் புள்ளி வைத்தேன்.