எரிந்த கல்

பிப்ரவரியில் ஒரு வெளிச்சம் வானத்தைக் கீறிப் போனதிலிருந்து
வியாழன்தோறும் அருங்காட்சியக வாசலில் ஆட்கள்.
காலுறைக்குள், ரொட்டிப் பைக்குள், ஒருமுறை
குழந்தையின் கம்பளித் தொப்பிக்குள்
கறுப்புக் கற்கள் வருகின்றன.
பார்த்துச் சொல்வது என் வேலை.
பெரும்பாலும் "இல்லை" என்றுதான் சொல்கிறேன்.

இன்று சபார்பெக்.
குதிரை வியர்வை வீசும் கோட்டு.
கரகண்டாவுக்கு வடக்கே, புல்வெளியில்
காணாமல்போன பெட்டைக் குதிரையைத் தேடிப் போனவர்
பனி உருகிய திட்டில் இதைக் கண்டாராம்.
குதிரை?
அது தானாக வீடு வந்துவிட்டது.

இரண்டு கையாலும் நீட்டினார்.
இரண்டு கையாலும் வாங்கினேன்.
கைகள் சற்று மேலே போய்விட்டன,
இல்லாத கடைசிப் படியில்
கால் வைத்து ஏமாறுவது போல.
அவ்வளவு லேசு.

அப்போதே தெரியும். ஆனாலும்
காந்தத்தைக் காட்டினேன். தயங்கியது, ஒட்டவில்லை.
ஓட்டின் மெருகில்லாத முதுகில் உரசினேன்.
சாம்பல் நிறத்தில் ஒரு கோடு.
தண்ணீரில் போட்டேன்.
மூழ்குமுன் பொடிப்பொடியாக மூச்சு விட்டது.
அதைப் பார்த்து அவர் சிரித்தார்.

லென்ஸைக் கொடுத்தேன்.
துளைகள் தெரிகிறதா?
தேன்கூடு மாதிரி, என்றார்.
மேலிருந்து வருவதில் இப்படி இருக்காது.
இது எரிகல் இல்லை, எரிந்த கல்.
நிலக்கரி வெந்து உருகி இறுகிய கசடு.
நீராவி இன்ஜினின் வயிற்றிலிருந்து
யாரோ வாரிக் கொட்டியது.

அங்கே தண்டவாளமே இல்லையே, என்றார்.
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
ஒரு மேடு உண்டு. நேராகப் போகும்.
சேறான நாளில் குதிரைகள் அதன்மேல்தான் நடக்கும்.
ஏன் அவ்வளவு நேர் என்று நான் கேட்டதே இல்லை.

போன் அடித்தது. மனைவி குல்யாஷ்.
எவ்வளவு தருவார்களாம்?
ஒலிபெருக்கி தேவைப்படாத குரல்.
சபார்பெக் என்னைப் பார்த்தார்,
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
ரயில், என்றார் அவளிடம்.
என்ன ரயில்?
வந்து சொல்கிறேன்.

பதிவேட்டில் எழுதினேன்:
கசடு, இருநூற்றுப் பன்னிரண்டு கிராம்.
மற்றவர்கள் போல விட்டுப்போவார் என்று நினைத்தேன்,
மேசைக்கடியில் ஒரு வாளி நிறைய இருக்கிறது.
அவர் சட்டைக் கையால் ஈரம் துடைத்து
கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.
குதிகால் தேய்க்க ஆகும், அவளுக்கு.

கதவைத் திறந்தவர், குளிர் உள்ளே வர வர
அப்படியே நின்று கேட்டார்:
அந்த ரயில் எங்கே போயிற்று?

அது என் வேலையில்லை.
மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு
வரைபட அலமாரியின் சாவியைத்
தேடிக்கொண்டிருந்தேன்.