இதரச் செலவு

எட்டுக் கட்டிலுக்கு
இருபத்துமூன்று சாவி எதற்கு என்று
அறக்கட்டளை அதிகாரி கேட்டிருக்கிறார்.
சிவப்பு மையில், அடிக்கோடிட்டு.
பதிலுக்கு அவர் விட்டிருக்கும் இடம்
இரண்டு வரி.

பாடாங் செராயில்
பழைய மோட்டார் சாமான் கடைக்கு மேல்மாடி எங்கள் இல்லம்.
மானியம் வருடத்துக்கு முப்பத்தாறாயிரம் வெள்ளி.
வாடகை தின்றதுபோக
அரிசி, மின்சாரம், மெத்தை, வேனுக்கு எண்ணெய்,
செவ்வாயும் வெள்ளியும் கிளினிக்குக்குக் கூட்டிப்போகும்
காக் ரொக்கையாவுக்குக் கைச்செலவு.
எல்லாவற்றுக்கும் ரசீது இருக்கிறது
பிஸ்கட் டின்னில், ரப்பர் போட்டு.

இரவு பத்துக்கு மேல்
ஆ சோங் வேனை எடுப்பான்.
பொட்டலங்களில் மீகூன், பெரிய பிளாஸ்கில் தே ஓ.
மூடிப்போன வங்கியின் ஐந்தடி,
பேருந்து நிலையத்துப் பின்சுவர்,
திடலில் பந்தாட்டம் பார்க்கும் படிகளுக்கு அடியில்.
நாங்கள் யாரையும் எழுப்புவதில்லை.
விழித்திருப்பவரிடம் மட்டும்
"பசியாறியாச்சா" என்போம்.

உத்தமன் அப்படித்தான் கிடைத்தார்.
முப்பது வருடம் மருந்தடித்த கை, மஞ்சள் நகம்.
தோட்டத்தை வீடமைப்புக்காரனுக்கு விற்றபோது
லயத்தைக் காலிசெய்யச் சொன்ன கடிதம்
பிளாஸ்டிக் உறைக்குள், இன்னும் சட்டைப்பையில்.
கூடவே சம்சு நாற்றம்.
பதினோரு இரவு
மீகூனை வாங்கிக்கொண்டார்,
கட்டில் வேண்டாம் என்றார்.

பன்னிரண்டாம் இரவு கேட்டார்:
"கதவு யாருகிட்ட இருக்கும்?"

எனக்கு விளங்கவில்லை.
ஆ சோங்குக்கு விளங்கிவிட்டது.
தன் வீட்டுச் சாவியைத் தூக்கிக் காட்டி
"இந்த மாதிரி ஒண்ணு, ஒனக்கே" என்றான்
அவனுடைய சந்தைத் தமிழில்.
பிறந்ததிலிருந்து கம்பெனி வீடு.
பிறகு இரண்டு முறை லாக்கப்,
அங்கே பூட்டு வெளிப்பக்கம்.

ஒரு சாவி ஐந்து வெள்ளி.
சந்தைக்குப் பக்கத்தில் நாசர் அறுத்துத் தருவார்.
படிவத்தில் சாவிக்குக் கட்டம் இல்லை.
'இதரச் செலவு' என்று போட்டேன்.

சில தொலைந்தன, அது உண்மை.
கலைச்செழியன் பட்டர்வொர்த்துக்கு வேலைக்குப் போனபோது
எடுத்துக்கொண்டே போனான். நான் கேட்கவில்லை.
தவமணியக்கா மகள் வீட்டுக்குக் கிளம்பியபோது
அது கழுத்துக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.
ஒன்று ஆற்றில் கிடக்கிறது;
என்னைப் பார்த்துக்கொண்டே எறிந்தான் பெனடிக்ட்.
ஒன்று சவப்பெட்டியில்.
வைத்தது நான்தான்.

உத்தமனும் போனார்.
ஐம்பத்தெட்டு நாள் தொடாமல் இருந்துவிட்டு
தீபாவளிக்கு முந்தின வாரம்.
இதற்குக் கட்டம் உண்டு: 'இடையில் விலகியோர்'.
ஒன்று என்று நிரப்பினேன்.
வேனில் தேடினோம்.
வங்கி ஐந்தடியில் வேறொருவர் படுத்திருந்தார்,
அவருடைய அதே அட்டையில்.

மாசியில் ஒருநாள், விடியாத நேரம், மழை.
மாடிப்படியில் செருப்புச் சத்தம்.
பூட்டில் சாவி இரண்டு முறை வழுக்கி
மூன்றாம் முறை திரும்பியது.
யாரும் எழுந்து போய்த் திறக்கவில்லை.
காலையில் பார்க்கிறேன்,
ஈரச்சட்டையைக் கொடியில் போட்டுவிட்டு
மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.
"என் கட்டில்ல வேற ஆளு" என்றார்
குறையாக இல்லை, தகவலாக.
பாயை எடுத்துக் கொடுத்தேன்.

அவரை எந்தக் கட்டத்தில் எழுதுவது,
'விலகியோர்' எண்ணை அழிப்பதா
'புதியவர்' எண்ணைக் கூட்டுவதா என்று
அரைநாள் யோசித்தேன்.
மறுபடி குடித்தார். மறுபடி நிறுத்தியிருக்கிறார்.
இன்றோடு பத்தொன்பது நாள்.

அடுத்த வருடம் பாதிப் பணம்தான் என்று காதில் விழுகிறது.
ஐயாவைக் கோபப்படுத்தக் கூடாது.
இரண்டு வரியில்
'சாவிகள் தொலைந்தன, வருந்துகிறோம்' என்று எழுதி
ரசீதுகளைக் குத்தி உறையில் போட்டேன்.

தபாலாபீசுக்குப் போகும் வழியில் நாசர் கடை.
வங்கி ஐந்தடிக்காரருக்கு
இருபத்துநான்காவதை அறுக்கிறார்.
பித்தளைத் தூள் உறையின் மேல் விழுகிறது.
ஊதிவிட்டேன்.
கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.