உயரத்தின் மேல் போட்ட பழி

முதல் முறை நின்றபோது மணி ஏழு பத்து.
மயாஸா வளைவு. பின்னால் அறுபது தட்டு முட்டை.
டாட்சன் இருமவில்லை, உதறவில்லை.
பந்தியில் பாதியில் எழுந்து போகிறவனைப் போல
யாரையும் பார்க்காமல் அணைந்தது.

பதினைந்து நிமிஷம் கழித்துச் சாவியைத் திருப்பினேன்.
ஒன்றுமே நடவாதது போலக் கிளம்பியது.
அதுதான் எனக்குக் கோபம்.
செத்துப்போன வண்டியை இழுத்துப் போகலாம்,
பொய் சொல்கிற வண்டியை என்ன செய்வது?

"உயரம்" என்றார் மெக்கானிக் ஸெனோபியோ.
லா பாஸில் எதற்கும் அதுதான் பதில்.
அவரை வேகவில்லையா, உயரம்.
மருமகன் வேலைக்குப் போகவில்லையா, உயரம்.
கடற்கரைக்காரன் செய்த எஞ்சின், அம்மா,
நாலாயிரம் மீட்டரில் அதற்கு ஏது மூச்சு?

கார்புரேட்டரைக் கழற்றிப் பழைய செய்தித்தாளின் மேல் பரப்பினார்.
ஒரு மந்திரியின் முகத்தில் மிதவை உட்கார்ந்திருந்தது.
ஜெட்டைச் சின்னதாக மாற்றினார்.
கரி பிடித்திருந்த பிளக்குகள்
ஒரு வாரத்தில் பிஸ்கட் நிறத்துக்கு வந்தன.
நிறம் சரி. வண்டி சரியில்லை.

பிறகு பாயின்ட். பிறகு கண்டென்சர்.
காயிலுக்கு ஈரத்துணி சுற்றி ஓட்டச் சொன்னார்,
காய்ச்சல்காரிக்குப் பக்கத்தில் போகிற மாதிரி
ஒப்ராஹெஸ் வரை போனேன்.
பம்பின் ஜவ்வை மாற்றியதில் ஒரு மாதத்து லாபம் போனது.

கொடுமை என்னவென்றால்
ஒவ்வொரு பழுதுக்கும் பிறகு ஒருநாள் நன்றாக ஓடும்.
அந்தச் சந்தோஷத்தில் தொட்டியை நிரப்புவேன்.
மறுநாள் நிற்கும்.

முட்டைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
நின்ற இடங்களைக் குறித்து வந்தேன், திட்டுவதற்கு வசதியாக.
ஓர் இரவு, உடைந்த முட்டைகளைக் கூட்டும்போது
இரண்டு பக்கமும் சேர்ந்து கண்ணில் பட்டன.
பெட்ரோல் போட்ட மறுநாள்: மயாஸா.
பாதித் தொட்டி: ஒப்ராஹெஸ்.
முள் சிவப்பில் ஆடிய நாட்களில்
எல் ஆல்டோ சந்தை வரை ஒரு தடங்கலும் இல்லை.

பசித்தால் நிற்கும் பிராணிகளை எனக்குத் தெரியும்.
வயிறு நிறைந்தால் நிற்பது
என் வீட்டுக்காரரும் இந்த வண்டியும்தான்.

மறுநாள் வேண்டுமென்றே நிரப்பினேன்.
மயாஸாவில் நின்றது, நல்ல பிள்ளை.
இந்தத் தடவை பானெட்டைத் திறக்கவில்லை.
பின்பக்கம் போய்
பெட்ரோல் மூடியை மெல்லத் திருகினேன்.

ஸ்ஸ்ஸ்ஸ்.
தொட்டி காற்றை உறிஞ்சியது,
கிணற்றிலிருந்து தலை தூக்கியவனைப் போல.
உள்ளே எங்கோ தகரம் 'டொக்' என்று நிமிர்ந்தது.
சாவி. ஒரே சுற்று. ஓடியது.

கார்னிவல் கூட்டத்தில் என் பழைய மூடியை யாரோ திருடினார்கள்.
வியாழக்கிழமைச் சந்தையில் எட்டு மூடி போட்டுப் பார்த்து
ஒன்பதாவதை வாங்கினேன்.
எந்த வண்டியுடையதோ, அப்படி ஓர் இறுக்கம்.
"சொட்டு வாசனைகூட வராது" என்றான் விற்றவன்.
உண்மையைத்தான் சொல்லியிருக்கிறான்.
போகிற பெட்ரோலுக்குப் பதிலாக
உள்ளே வரக் காற்றுக்கு ஓர் ஊசிக்கண் இல்லை.
தொட்டி நிறைந்திருந்தால், உள்ளே இருக்கிற கொஞ்சக் காற்று
சீக்கிரம் இழுபட்டுத் தீர்ந்துவிடுகிறது.
பம்ப் எவ்வளவு நேரம் இழுபறி நடத்தும்?

ஸெனோபியோ மூடியை வாங்கி
இல்லிமானி பக்கம் உயர்த்தி, ஒரு கண்ணால் பார்த்தார்.
வெளிச்சம் வரவில்லை.
ரொம்ப நேரம் பார்த்தார், வந்துவிடும் என்பது போல.
பிறகு மிக மெல்லிய துரப்பணத்தைத் தேடி எடுத்தார்.

கூலி கேட்கவில்லை. பழைய ஜெட்டைத் திருப்பிக் கொடுத்தார்,
ஒரு தீப்பெட்டியில் பஞ்சு வைத்து.
"என்றாலும் உயரமும் ஒரு காரணம்தான்" என்றார்.

சரி என்றேன்.
ஒரு தட்டு முட்டை கொடுத்தேன்.
அதில் இரண்டு விரிசல். அதையும் குறித்திருக்கிறேன்.