செவ்வூருணியில் அரை மணி

புதுவயல் தாண்டி மூன்றாவது கிலோமீட்டரில்
சப்பரத்தின் இடது சக்கரம் பஞ்சர்.
மாதா ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நிற்க
காவிச் சேலைகளும் காவி வேட்டிகளும்
புளியமரத்தடியில் கால் நீட்டின.
எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை.
கொப்புளத்தை ஊக்கால் குத்திவிட்டுச்
செம்மண் தடத்தில் இறங்கினேன்.

செவ்வூருணி என்றது பலகை.
ஊருணியில் தண்ணீர் இல்லை,
ஒரு டிராக்டர் டயர் கிடந்தது.
கரையில் கோயில். செம்புறாங்கல், ஓட்டுக்கூரை,
மணி தொங்க வேண்டிய இடத்தில் புறாக்கள்.

கதவைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன்.
செட்டியார் வீடு ஒன்றை இடித்தபோது
ஏலத்தில் எடுத்ததாம், பர்மா தேக்கு.
நிலைக்கு மேலே கஜலட்சுமி.
எந்தச் சாமியார் காலத்திலோ உளி வைத்திருக்கிறார்கள்.
முகமும் தாமரையும் போய்விட்டன,
யானைகள் போகவில்லை.
துதிக்கையைத் தூக்கி
இல்லாத ஒருத்தியை
இன்னும் குளிப்பாட்டிக்கொண்டிருந்தன.

“சந்தியாகப்பர் திருநாளுக்குத் தொறப்போம்.
அப்பறம் ஒங்கள மாதிரி நடந்து வாரவுகளுக்கு.”
இன்னாசியம்மா கையெல்லாம் இட்லி மாவு.
ஆணியில் தொங்கிய சாவியை
முழங்கையால் காட்டினாள்.

உள்ளே வேறு மாதம்.
முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுவரில்
என் முகம் கலங்கலாக நடந்து வந்தது.
பீடத்தில் குதிரை மேல் சந்தியாகப்பர்,
குதிரைக்கு ஒரு காது இல்லை.
வலப்புறம் பாவசங்கீர்த்தனத் தொட்டி.
பழக்கத்தில் முழங்காலிட்டேன்.
தட்டிக்கு அப்பால், சாமியார் உட்காரும் இடத்தில்
சுருட்டி வைத்த சீரியல் செட்,
இரண்டு விளக்குமாறு, பெயிண்ட் டப்பா,
வாயை என் பக்கம் திருப்பியபடி
ஒரு பழைய குழாய் ஸ்பீக்கர்.

ஒயர் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தேன்.
அறுந்திருந்தது.

சொன்னேன்.

போன ஆவணி. இதே ரோடு. அதிகாலை மூன்றரை.
கோழி ஏற்றிய வண்டி, ஓட்டியது என் தம்பி ஞானராசு.
ஓரமாய் நடந்தவர் கையிலிருந்த டார்ச்
அணையாமல் உருண்டுகொண்டே போச்சுக்கா என்று
ஒரே ஒரு தடவை சொன்னான்.
தேவகோட்டை கோர்ட்டில் நான் சொன்னது வேறு.
அன்றைக்கு என் மகனுக்குக் காய்ச்சல்,
தம்பி எங்கள் வீட்டில்தான் படுத்திருந்தான்.
காய்ச்சல் உண்மை.
அதனால்தான் நாக்கு குழறவில்லை.

விடுதலையானால் நடந்தே வருகிறேன் என்று
நேர்ந்துகொண்டதும் நான்தான்.
நேர்ச்சையை நிறைவேற்றத்தான் நடக்கிறேன்,
அதுவும் உண்மை.

செத்தவர் பெயர் பிச்சைமுத்து.
அவருடைய ஆள் யாரும் எங்கள் கூட்டத்தில் இல்லை,
இருந்திருந்தால் கதையாகியிருக்கும்.
மகள் மட்டும் அறந்தாங்கியில்,
ஜவுளிக்கடை வேலை.
கோர்ட்டு வராந்தாவில் என் பக்கம்
ஒரு முறைதான் திரும்பினாள்.
மணி என்னக்கா என்று கேட்டாள்.
பதினொன்றே கால் என்றேன்.
அவளிடம் நான் சொன்ன ஒரே நிஜம்.

குழாய்க்குள் என் குரல் சுற்றி
கொஞ்சம் தகரமாகித் திரும்பி வந்தது.
மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்ல
அங்கே யாரும் இல்லை.
விளக்குமாற்றில் சிக்கியிருந்த
ஜிகினா நட்சத்திரத்தை எடுத்து
எங்கே வைப்பதென்று தெரியாமல்
திரும்ப அதிலேயே செருகினேன்.

“நேர்ச்சையா?” என்றாள் இன்னாசியம்மா,
சாவியைக் கொடுத்தபோது.
“ஆமா.”
“நடந்துருச்சா?”
வெளியே யானைகள் ஊற்றிக்கொண்டிருந்தன.
செம்பை நீட்டினாள். குடித்தேன்.

மரத்தடியில் தலை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.
இருபத்திரண்டு, இருபத்திரண்டு என்று
இரண்டு முறை கேட்டது.
இருக்கேன் என்று கை தூக்கினேன்.

சக்கரத்துக்குக் காற்றடித்த பையனுக்கு
அறந்தாங்கிதான் ஊர்.
அங்கே ஜவுளிக்கடையெல்லாம்
எத்தனை மணிக்குத்தம்பி சாத்துவாங்க என்றேன்.
“ஒம்பதுக்கா. நாளைக்குச் சாயங்காலம் போயிருவீங்கள்ல,
சேல எடுக்கணுமா?”

மாதா நிமிர்ந்துவிட்டாள்.
கயிற்றின் முன் நுனி இன்று என் முறை.